கண்ணில் படாத பூச்சு

சென்னையின் மேற்குப் பகுதியில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் உட்தெரு ஒன்றில், கடைசல் பட்டறைக்கும் ஸ்பிரிங் செய்யும் கூடத்துக்கும் நடுவே இருக்கும் அந்தப் பவுடர் கோட்டிங் பட்டறைக்கு நான் போனதற்குக் காரணம், காரின் அலாய் வீல்களுக்கு அங்கே அடிக்கப்படும் நிறமற்ற அக்ரிலிக் தூள்தான். வர்ணம் பூசுவதே ஜீவனமான இடத்தில் வர்ணமே இல்லாத ஒரு வஸ்துவைத் தனி அறையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னபோது, அதன் ரசாயனத்தைப் புஸ்தகத்தில் மட்டுமே அறிந்திருந்த எனக்கு, அதைக் கையாளும் மனிதர்களையும் பார்க்க வேண்டுமென்ற ஆவல் உண்டாயிற்று.

பட்டறையின் முன்பாகம் இரும்புக்கு உரியது. ஜன்னல் கிரில்லும் மின்பெட்டியும் நாற்காலிக் காலும், ‘செவன் டேங்க்’ என்று எல்லோரும் அழைக்கும் தொட்டி வரிசையில் எண்ணெய் போக்கி, துரு போக்கி, பாஸ்பேட் ஏற்றி, உலர்த்தப்பட்டுப் பாலியஸ்டர் தூள் அடிக்கும் பூத்துக்குப் போகின்றன. அது ஊரெங்கும் நடப்பது. அதில் நான் அதிகம் நிற்கவில்லை.

அலுமினிய வீலின் கதை வேறு. பழைய பூச்சை உரித்து, கழுவி, தூள் அடிப்பதற்கு முன்பே அதை வெறுமனே ஒருமுறை ஓவனில் சுடுகிறார்கள். வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் சிக்கியிருக்கும் வாயு, பூச்சு உருகும் சமயத்தில் வெளிக்கிளம்பினால் ஊசி குத்தியது போன்ற துவாரங்கள் விழுமாதலால், அதை முன்னதாகவே போகச் செய்வதுதான் இந்த வெறும் சூட்டின் நோக்கம். பிறகு அடிநிறம் ஏறி, லேத்தில் முகப்பு மட்டும் சீவப்பட்டு, வெள்ளிப் பிரகாசத்தோடு வெளிவரும் வீலுக்கு, அந்தப் பிரகாசம் மங்காமல் இருக்கவே நிறமற்ற மேல்பூச்சு வேண்டியிருக்கிறது.

அந்தப் பூச்சின் மூலப்பொருள் கிளைசிடில் மெத்தாக்ரிலேட். எபிகுளோரோஹைட்ரினையும் மெத்தாக்ரிலிக் அமிலத்தின் உப்பையும் சேர்த்துச் செய்யப்படும் இந்தத் திரவத்தின் மூலக்கூறில் ஒரு முனையில் இரட்டைப் பிணைப்பும், மறுமுனையில் இரண்டு கரியணுக்களும் ஒரு பிராணவாயு அணுவும் சேர்ந்த எபாக்சி என்னும் முக்கோண வளையமும் இருக்கின்றன. ஸ்டைரீன், மெத்தில் மெத்தாக்ரிலேட் முதலியவற்றோடு சேர்ந்து நீண்ட சங்கிலியாகும்போது இரட்டைப் பிணைப்பு மட்டுமே செலவாகிறது. இறுக்கத்தோடு நிற்கும் முக்கோணமோ சங்கிலியின் பக்கங்களில் சேதமின்றித் தொங்கிக்கொண்டு, தனக்குரிய துணைப்பொருளையும் உஷ்ணத்தையும் எதிர்பார்த்திருக்கிறது. அம்பத்தூர்த் தூளில் அதற்குத் துணையாகச் சேர்ந்திருப்பது, பன்னிரண்டு கரியணுக்கள் கொண்டதும் இரு முனையிலும் அமிலத்தன்மை உள்ளதுமான டோடெகேன்டையோயிக் அமிலம். சுமார் 150 டிகிரி சூட்டில் அமிலம் வளையத்தைத் திறந்து சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. நீரோ வாயுவோ கழிவாக வெளியேறுவதில்லையாதலால் பூச்சில் குமிழி எழுவதில்லை. பூச்சின் கனம் 60 முதல் 80 மைக்ரான்.

தூள் அடிக்கிறவர் ஐம்பது வயது கடந்த பெரியவர். பீகாரிலிருந்து வந்த இளைஞர்களும் அவரை ‘அண்ணா’ என்றே அழைக்கிறார்கள். தூள் அடிக்கும் துப்பாக்கியின் முனையில் ஏறும் மின்னேற்றத்தால் தூள் வீலை நாடிச் சென்று ஒட்டுகிறது என்றாலும், ஆரங்கள் கூடும் உள்மூலைகளில் அது நுழைய மறுக்கிறது. மின்புலம் விளிம்புகளிலேயே முடிந்துவிடுகிறது என்று ஃபாரடேயின் பெயரைச் சொல்லிப் புஸ்தகங்கள் விளக்கும் இந்த விஷயத்தை, பெரியவர் மின்னழுத்தத்தைக் குறைத்து, துப்பாக்கியைச் சாய்த்து, முதலில் மூலைகளையும் பிறகே முகப்பையும் அடித்துச் சமாளிக்கிறார். வீல் தொங்கும் கொக்கியில் பழைய பூச்சு படிந்திருந்தால் எர்த் கிடைக்காது. ஆகவே ஒரு பையன் நாள் முழுவதும் கொக்கிகளைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான். துப்பாக்கிக்கு இருக்கும் மதிப்பில் பாதியாவது அந்தச் சுரண்டலுக்கு இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தனி அறையின் ரகசியத்தையும் பெரியவரே சொன்னார்: “முன்னாடி அடிக்கிற பாலியஸ்டர் இதுல கொஞ்சம் பட்டாலும் போச்சு சார், வீல் பூரா குழி குழியா வாங்கிடும்.” உருகும் சமயத்தில் இரண்டு தூள்களின் பரப்பு இழுவிசை வேறுபடுவதால் ஒன்று மற்றொன்றை விட்டு விலகி, நடுவே பள்ளம் உண்டாகிறது. அதனால் இந்த அறையில் பூத்தும் ஹோஸும் துப்பாக்கியும் தனி, சட்டையும் தனி. முன்பக்கத்தில் வேலை செய்தவன் உடம்பைத் துடைத்துக் காற்றடித்துக்கொண்டுதான் உள்ளே வரலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: இந்த இணங்காமையையே சாதகமாக்கி, வளையமுள்ள அக்ரிலிக்கைப் பாலியஸ்டரில் வேண்டுமென்றே கலந்து, பளபளப்பில்லாத மேட் பூச்சுகளைத் தயாரிக்கிறார்கள் தூள் கம்பெனிக்காரர்கள்.

வெப்பத்துக்கும் இந்தத் தூள் அஞ்சுகிறது. சென்னையின் சித்திரை வெயிலில் பெட்டியிலேயே கட்டி தட்டிவிடுமாதலால் அதற்கு ஏ.சி. அறை, அதை அடிக்கும் மனிதர்கள் ஓவன் வாசலில் வியர்வை சொட்ட நிற்கிறார்கள். மூல திரவத்தை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2ஏ வகுப்பில் சேர்த்திருக்கிறது. அந்தத் திரவத்தோடு இவர்களுக்குச் சம்பந்தமில்லை. பட்டறைக்கு வருவது ஏற்கெனவே சங்கிலியாகிவிட்ட தூள்தான். ஆயினும் சுவாசத்தில் போகக்கூடிய நுண்தூள் நுண்தூள்தானே! நான் பார்த்தவர்களில் பெரியவர் முகமூடி அணிந்திருந்தார். இளைஞர்கள் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஓவனிலிருந்து வந்த வீலை ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்து, அதன்மேல் ஒளியைப் படரவிட்டு, பூச்சில் குழி தெரிகிறதா என்று பெரியவர் தேடினார். எதுவும் தென்படாததே தேர்ச்சி. வாடிக்கைக்காரர்கள் நிறத்தைப் பற்றியும் ரேட்டைப் பற்றியும் கேட்பார்களே ஒழிய, கிளியர் என்னும் இந்த நிறமற்ற மேல்பூச்சைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லையாம். பேரம் முற்றினால் விலை குறைந்த பாலியஸ்டர் கிளியரையே அடித்துக் கொடுத்து, அதைப் பில்லிலும் அப்படியே எழுதிவிடுவதாகச் சொன்னார். அந்த வேலைக்கு முன்பக்கத்துப் பூத்தே போதும்.