பால் பி, பேரட் பி

ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறும் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைக்கும் பிழையில்லாமல் எழுத வருகிற ஆங்கில வாக்கியம் ஒன்று உண்டு. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் லீவ் லெட்டர் அது. ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் காய்ச்சல்தான், சித்தி கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல்தான். கமா விழ வேண்டிய இடத்தில் விழுந்திருக்கும். 'ஒபீடியன்ட்லி'யில் ஓர் எழுத்துக்கூடப் பிசகியிருக்காது. அதே பிள்ளையிடம் "நேத்து சாயங்காலம் என்ன பண்ணே? ரெண்டு வரி எழுதும்மா" என்றால் பேனா நகராது. நகர்ந்தால் 'எஸ்டர்டே ஐ கோ மை பாட்டி ஹவுஸ்' என்று வரும்.

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாக ஆங்கிலம் எடுக்கிறேன். இந்த இரண்டில் எனக்குப் பிடித்தது பாட்டி வீட்டு வாக்கியம்தான். காய்ச்சல் வாக்கியத்தில் பிள்ளையே இல்லை, மனப்பாடம் மட்டும் இருக்கிறது. பாட்டி வீட்டு வாக்கியத்தில் ஒரு மூளை பாடுபட்டிருக்கிறது. பட்ட பாட்டின் தடம்தான் பிழையாகத் தெரிகிறது. அந்தத் தடத்தைப் படிப்பது எங்கள் தொழிலில் முக்கால் பங்கு. திருத்துவது மிச்சமுள்ள கால் பங்கு.

எழுத்துக்கூட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் 'பி' என்று சொன்னால் உடனே "எந்தப் பி மிஸ்?" என்று குரல் வரும். பால் பியா, பேரட் பியா? டைகர் டியா, டாக் டியா? இதை எழுதும்போது எனக்கும் அதே சங்கடம்தான். பட், புட் இரண்டுக்கும் எழுத்துக் கூட்டிக் காட்டலாம் என்றால் இரண்டும் 'பி யூ டி' என்றே தமிழில் வந்து நிற்கின்றன. நமக்கு 'ப' ஒன்று போதும். 'பல்' என்னும்போது ஓர் ஒலி, 'அம்பு' என்னும்போது வேறு ஒலி. எங்கே எது என்பதை எழுத்து நிற்கும் இடமே சொல்லிவிடுகிறது. அந்தச் சிக்கனத்திலேயே வளர்ந்த காதுக்கு, சொல்லின் தொடக்கத்திலும் இரண்டு ஒலி இருக்கலாம் என்பது புதுச் செய்தி. 'என் வீடு பெரியது' என்று ஆங்கிலத்தில் எழுத நினைத்த பெண், பால் பிக்குப் பதிலாகப் பேரட் பியைப் போட்டு வீட்டைப் பன்றியாக்கிவிடுவாள். அவள் சோம்பேறியும் அல்ல, கவனக்குறைவானவளும் அல்ல. காதுக்கு எட்டாத வேறுபாட்டைக் கை எப்படி எழுதும்? அதனால் முதலில் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைக்கச் சொல்கிறேன். பேரட் பிக்குக் கையில் காற்று படும், பால் பிக்கு அவ்வளவாகப் படாது. அதற்குப் பிறகுதான் நோட்டு.

இன்னொரு பிழை என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. 'ரைட்டிங்', 'ஈட்டிங்', 'வெயிட்டிங்' என எதை எழுதினாலும் டைகர் டியை இரண்டு முறை போடுவார்கள். ஏன் என்பது பிறகுதான் பிடிபட்டது. தமிழில் 'பாடு' என்றால் மெல்லிய ஒலி, 'பாட்டு' என்றால் அழுத்தமான ஒலி. நடுவில் அழுத்தம் வேண்டுமானால் எழுத்து இரட்டிக்க வேண்டும் என்பது நம் விதி. பிள்ளை அந்த விதியைத்தான் ஆங்கிலத்திலும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுத்து இரட்டிப்பதற்குக் காரணம் வேறு. பெரும்பாலும் அதற்கு முன்னால் நிற்கும் உயிரொலி குறில் என்று காட்டவே அது இரட்டிக்கிறது. 'டின்னர்', 'டைனிங்' இரண்டையும் பலகையில் அடுத்தடுத்து எழுதி, எதில் இரண்டு 'என்' என்று கேட்டால் கொஞ்ச நேரத்தில் அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். குறில், நெடில் அவர்களுக்குத் தெரிந்த சங்கதிதானே.

'சி ஏ டி கேட்' என்று ராகம் போட்டு ஒப்பிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. எழுத்தின் பெயர்களைக் கூட்டினால் சொல் வராது, ஒலிகளைக் கூட்டினால்தான் வரும். தொடக்கப் பள்ளிகளில் இப்போது ஒலியிலிருந்து தொடங்குகிறார்கள், நல்லது. ஆனால் ஒலியும் ஓர் எல்லையோடு நின்றுவிடும். புதன்கிழமைக்கு ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்ட 'வெட்-நெஸ்-டே' என்று மனதுக்குள் சொல்லாத தமிழர் யார்? 'டுகெதர்' எழுதும்போது 'டு-கெட்-ஹெர்'. இந்தக் குறுக்குவழிகளை நான் தடுப்பதில்லை. 'நைஃப்' என்ற சொல்லின் முன்னால் சும்மா நிற்கும் 'கே' ஒரு காலத்தில் உச்சரிக்கப்பட்டதுதான் என்று சொல்வேன். வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் இங்கிலாந்தில் அச்சகம் வைத்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது. பேச்சு உறையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஒலிக்காத ஒரு பால் பி இருக்கிறது. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் படித்தவர்கள் பின்னால் கொண்டுவந்து செருகியது அது. இதைக் கேட்டதும் பிள்ளைகள் முகத்தில் வரும் நிம்மதி பார்க்கத் தக்கது. தப்பு தங்கள் மேல் இல்லை, அந்த மொழி மேல்தான் என்று தெரிந்த பிறகு மனப்பாடம் செய்ய அவர்கள் முரண்டு பிடிப்பதில்லை.

இலக்கணத்துக்கு வந்தால் எஸ் என்ற ஒரே எழுத்து படுத்தும் பாட்டைச் சொல்ல வேண்டும். பெயர்ச்சொல்லின் வாலில் அது வந்தால் பன்மை. வினைச்சொல்லின் வாலில் வந்தால் ஒருமை. 'பாய்ஸ் ப்ளே', 'பாய் ப்ளேஸ்'. முதல் பாடத்தில் 'எஸ் என்றால் பல' என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இரண்டாம் பாடத்தில் தலைகீழாகப் பேசுகிறோம். விளையாடுகிறேன், விளையாடுகிறாய், விளையாடுகிறான், விளையாடுகிறாள், விளையாடுகிறது என்று இடத்துக்கும் பாலுக்கும் ஏற்ப வினையை மாற்றிக்கொண்டே போகும் மொழியை மூன்று வயதில் கைவசப்படுத்திய பிள்ளைகள் இவர்கள். இந்த ஒற்றை எஸ் அவர்களுக்குப் பெரிய காரியமே இல்லை. தமிழ் வரிசையைப் பலகையில் ஒரு பக்கம் எழுதி, ஆங்கிலத்தில் அத்தனை வால்களும் தேய்ந்துபோய் மிஞ்சியது இது ஒன்றுதான் என்று காட்டினால் சட்டெனப் பிடித்துக்கொள்வார்கள். காட்டாமல் விதியை மட்டும் ஒப்பிக்க வைத்தால் பத்தாம் வகுப்பிலும் தடுமாறுவார்கள்.

'மை ஃபாதர் ஆர் எ டிரைவர்' என்று எழுதுவதும் அப்படித்தான். அப்பா வருகிறார். அவரை எப்படி ஒருமையில் சொல்வது? மரியாதை தெரிந்த பிள்ளை செய்யும் பிழை இது. (வருகிறார் என்பதிலேயே ஓர் 'ஆர்' ஒளிந்திருப்பது வேறு கதை.) 'ஹி இஸ் கோ' என்று எழுதும் பையனைப் பார்த்து நான் சந்தோஷப்படுவேன். போன பருவத்தில் அவன் 'ஹி டாக்டர்' என்று எழுதிக்கொண்டிருந்தவன். 'அவர் டாக்டர்' என்ற தமிழ் வாக்கியத்தில் வினையே இல்லை, அதனால் ஆங்கிலத்திலும் அவன் போடவில்லை. ஆங்கிலத்துக்கு ஓர் 'இஸ்' வேண்டும் என்று இப்போது தெரிந்துகொண்டு, எல்லா இடத்திலும் தூவுகிறான். சிவப்புப் பேனாவுக்கு இரண்டும் தப்பு. எனக்கு இரண்டாவது தப்பு ஒரு படி மேலே. சில இடங்களிலோ தமிழே வழிகாட்டிவிடும். ஒரு வீடு, ஓர் ஊர் என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு 'எ', 'ஆன்' பாடம் பாதி முடிந்த மாதிரி.

நிறுத்தக்குறிகளைப் பற்றி ஆசிரியர் அறையில் எல்லோரும் அலுத்துக்கொள்வார்கள், பிள்ளைகள் அவற்றை மதிப்பதே இல்லை என்று. மதிக்காததற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் அந்த வேலையைச் சொல்லே செய்துவிடும். 'வந்தாயா' என்ற பிறகு கேள்விக்குறி எதற்கு? அந்த 'ஆ' கேட்டுவிட்டது. 'வருகிறேன் என்று சொன்னான்' என்பதில் 'என்று' வந்து பேச்சை மூடிவிட்டது, மேற்கோள்குறி உபரி. 'அக்காவும் தம்பியும் நானும்' என்பதில் உம் இருக்கிறது, கமா வேண்டாம். ஓலைச்சுவடிகளில் இக்காலக் கமா, கேள்விக்குறி எதுவும் கிடையாது, மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அச்சு வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் போன்றவர்கள் உரைநடையில் புகுத்திய பிறகுதான் இந்தக் குறிகள் நம்மிடம் நிலைத்தன. ஆகவே தமிழ்ப் பிள்ளைக்கு அவை புருவத்துக்குத் தீட்டிய மை மாதிரி, இருந்தால் அழகு, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் குறியை எடுத்தால் பொருளே மாறிவிடும் என்பதைக் காதால்தான் உணர்த்த முடியும். அதோடு பெரிய எழுத்து, சின்ன எழுத்து. தமிழில் அந்த ஏற்றத்தாழ்வே இல்லை. "நீ சின்ன எழுத்து, நான் மட்டும் பெரிய எழுத்தா மிஸ்?" என்று 'ஐ'யைக் காட்டி ஒருத்தி கேட்டாள். ஆங்கிலேயரைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கெல்லாம் என் கையில் உள்ள ஒரே நல்ல கருவி பழைய டிக்டேஷன். ஐந்தே வரி, நாள்தோறும். முதல் முறை வாசிக்கும்போது பேனாவைத் தொடக்கூடாது, கேட்க மட்டும். இரண்டாம் முறை எழுத வேண்டும். மூன்றாம் முறை சரிபார்க்க வேண்டும். 'கமா', 'ஃபுல் ஸ்டாப்' என்று நான் வாயால் சொல்வதில்லை. குரல் எங்கே நிற்கிறது, எங்கே ஏறுகிறது என்பதை வைத்து அவர்களே போட வேண்டும். பிறகு பக்கத்துப் பிள்ளையோடு நோட்டை மாற்றிக்கொள்வார்கள். அந்த ஐந்து வரியும் பாடப் புத்தகத்திலிருந்து வராது. முந்தின நாள் அவர்கள் எழுதியவற்றிலிருந்து நான் கோத்து எடுத்தவை. பாட்டி வீடு அதில் வரும், 'கோ' மட்டும் 'வென்ட்' ஆகியிருக்கும்.

இம்போசிஷனில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தப்பான சொல்லைப் பத்து முறை எழுதச் சொன்னால், கெட்டிக்காரப் பிள்ளை முதல் எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து வரிக்கும் எழுதிவிட்டு, அப்புறம் இரண்டாம் எழுத்துக்கு வரும். சொல் முழுதாக ஒரு முறைகூட அதன் கண்ணில் படுவதில்லை.

இலக்கணம் என்று தனியாக ஒன்று வேண்டுமா என்றே கேட்டவர் என். எஸ். பிரபு. 1979-லிருந்து 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் அவர் நடத்திய சோதனைக்குப் 'பெங்களூர்த் திட்டம்' என்று பெயர். ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துப் புதிர் போடுவார்கள். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது இலக்கணம் தானாக இறங்கும் என்பது அவர் கட்சி. எதிர்முனையில் ரென் அண்ட் மார்ட்டின். பி. சி. ரென், எச். மார்ட்டின் இருவரும் இந்தியாவிலிருந்த ஆங்கிலேய அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக எழுதிய புத்தகம் அது. வீட்டில் ஆங்கிலம் பேசிய பிள்ளைகளுக்கு, தெரிந்ததை அடுக்கிக் காட்டும் அலமாரி. எங்கள் பிள்ளைகளுக்கு அடுக்குவதற்கே சரக்கு இல்லாதபோது அந்த அலமாரியை வைத்து என்ன செய்வது? எனக்குப் பிரபு பக்கம் சாய்வு உண்டு. ஆனால் ஆங்கிலப் பாடவேளையைத் தவிர வேறெங்கும் ஆங்கிலம் காதில் விழாத நாற்பது பேருக்கு எல்லாம் தானாக இறங்கும் என்று காத்திருக்க முடியாது. சிலவற்றைச் சுட்டிக்காட்டித்தான் ஆக வேண்டும்.

எத்தனை என்பதில்தான் வாத்தியாரின் சாமர்த்தியம். திங்கட்கிழமை பலகையின் மூலையில் எழுதிவிடுவேன், இந்த வாரம் வினையின் எஸ் மட்டும் என்று. அந்த வாரம் வேறெந்தப் பிழையிலும் என் பேனா படாது. ஒரு பக்கத்தில் இருபது சிவப்புக் கோடு கண்ட பிள்ளை அடுத்த நாள் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளும், அதுவும் முன்பே தெரிந்த இரண்டு வரி. மறுபடி காய்ச்சல் லெட்டர்தான்.

நோட்டைப் புரட்டிப் பார்க்கும் பெற்றோருக்கும், பள்ளிக்கு ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். திருத்தாமல் விட்ட பிழையைக் கண்டால் டீச்சர் நோட்டையே பார்க்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 'இந்த வாரம் எந்தப் பிழையைத் திருத்துகிறீர்கள்?' என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாத ஆசிரியரைத் தாராளமாகக் கண்டியுங்கள்.