சொல்லாமல் விட்ட 19 நாட்கள்

போன மாசம் நம்ம டிபார்ட்மென்டில் மாக் இன்டர்வியூ நடந்தது. ஹெச்.ஆர். ரவுண்டுக்கு வந்திருந்த அலும்னி அண்ணா என் ரெஸ்யூமைப் பார்த்துவிட்டு, "ஸ்டூடன்ட் ஸ்டார்ட்டப்புக்கு சி.இ.ஓ.வா இருந்திருக்கீங்களா? சரி, ஒரு ஸ்டார்ட்டப்ல நல்ல லீடருக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்டார். மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை ஒப்பித்தேன். விஷன், டீம் வொர்க், ரிஸ்க் எடுக்கிற தைரியம். அவரும் தலையாட்டிக்கொண்டே மார்க் போட்டார். பத்துக்கு எட்டு.

அந்த எட்டு மார்க் இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு. ஏன்னா அந்தக் கேள்விக்கு எனக்கு வேற ஒரு பதில் தெரியும். அதைச் சொன்னா என் மேலேயே நான் கம்ப்ளெயின்ட் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். அதனால அங்கே சொல்லல. இங்கே எழுதறேன். (பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். ஒற்று விட்டுப்போன இடத்துக்கெல்லாம் எடிட்டர்தான் பொறுப்பு.)

நாங்கள் நாலு பேர். தேர்ட் இயரில் ஆரம்பித்தோம். ஹாஸ்டல் மாடி டேங்க் காலையில் ஆறு மணிக்கு நிரம்பி வழியும், எட்டரைக்கு பக்கெட் நிரம்பாது. எல்லாருக்கும் தெரிந்த கதைதான். டேங்க் மூடியில் ஒரு அல்ட்ராசானிக் சென்சார், கூட ஒரு வைஃபை போர்டு, போனில் ஒரு ஆப். எவ்வளவு தண்ணி இருக்குன்னு காட்டும், நிரம்பினா மோட்டாரை நிறுத்தும். உலகத்தில் யாரும் செய்யாதது ஒன்றும் இல்லை, ஆனால் எங்களுடையது வேலை செய்தது. போர்டு செய்தவனை நாங்கள் 'சால்டர்' என்றுதான் கூப்பிடுவோம். அவன் கையில் சால்டரிங் அயர்ன் இல்லாமல் நான் பார்த்த நாட்கள் குறைவு. ஐ.டி. டிபார்ட்மென்ட் தோழி ஆப் எழுதினாள். மெக்கானிக்கல் நண்பன் பெட்டி செய்தான். எனக்கு இந்த மூன்றும் சுமாராகத்தான் வரும். அதனால் நான் சி.இ.ஓ.

காலேஜ் இன்குபேஷன் செல் 30,000 ரூபாய் கொடுத்தது. மேடவாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட். வெயில் காலத்தில் லாரித் தண்ணி வாங்குகிற இடம். அங்கே அசோசியேஷன் செகரெட்டரி, பேங்கில் ரிட்டயர் ஆன ஒரு அங்கிள், எங்கள் டெமோ பார்த்துவிட்டு, "பன்னெண்டு டேங்குக்கும் போட்டுடலாம் தம்பி, நான் கமிட்டியில பேசிக்கறேன்" என்றார். எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. அன்றைக்கே பன்னிரண்டு செட்டுக்கு சாமான் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். 21,000 ரூபாய் காலி.

பிப்ரவரி 6ஆம் தேதி சாயங்காலம் அங்கிள் போன் பண்ணினார். "கமிட்டியில ஒத்துக்கல தம்பி. வாட்ச்மேன் பார்த்துக்கறாரே, எதுக்கு வீண் செலவுன்னு கேக்கறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க." நான் "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு லேபுக்குள் திரும்பி வந்தேன். சால்டர் ஏழாவது போர்டில் இருந்தான். தலையைத் தூக்காமலே, "யாருடா போன்ல?" என்றான்.

"அம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. முதல்ல வேற ஒரு கஸ்டமரைப் பிடிச்சிடுவோம், அப்புறம் "அது போச்சு, ஆனா இது வந்துடுச்சு"ன்னு ரெண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்பதுதான் பிளான். டீமை டென்ஷன் ஆக்கக் கூடாது, அவங்க நிம்மதியா வேலை பார்க்கட்டும், பாரத்தை நான் சுமக்கறேன். நினைச்சுப் பார்த்தா ஹீரோ மாதிரி இருந்தது. அடுத்த வாரம் முழுக்க கிளாஸ் கட் அடித்துவிட்டுத் தனியாக ஐந்து அபார்ட்மென்ட்களுக்குப் போனேன். இரண்டு இடத்தில் கேட்டுக்குள்ளேயே விடவில்லை.

இதற்கு நடுவில் ஒரு நாள் சால்டர் வந்து கேட்டான். அவனுக்கு ஒரு எம்பெடட் கம்பெனியில் சம்மர் இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ, 14ஆம் தேதி. நன்றாகச் செய்தால் அங்கேயே வேலை தருவார்கள் என்று சீனியர்கள் சொல்லும் கம்பெனி. "மச்சி, 16ஆம் தேதி இன்ஸ்டலேஷன்னு சொன்னியே. பன்னெண்டு போர்டையும் டெஸ்ட் பண்ணணும். இன்டர்வியூக்குப் படிக்கவே டைம் இல்ல. போகட்டுமா, விட்டுடட்டுமா?"

நான் சொன்னது இரண்டே வார்த்தை. "உன் இஷ்டம்டா."

அவன் போகவில்லை. அந்த 14ஆம் தேதி ராத்திரி ஒன்றரை மணி வரை, யாருமே வாங்கப்போகாத போர்டுகளை ஒவ்வொன்றாக டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ரீடிங் எழுதினேன். மறுநாள், அசோசியேஷனில் ஏதோ ஃபங்ஷன், இன்ஸ்டலேஷன் தள்ளிப்போகுது என்று சொல்லிவிட்டேன். ஒரு பொய் சொன்னால் அதுக்கு மெயின்டனன்ஸ் வேற தேவைப்படுது.

கடைசியில் நானாகச் சொன்னேன் என்றாவது எழுத ஆசை. அதுவும் நடக்கவில்லை. 25ஆம் தேதி ஐ.டி. தோழி, டேங்க் உயரம் கேட்க நேராக அங்கிளுக்கே போன் பண்ணிவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் குரூப்பில் மெசேஜ்: "அங்கிள் 6ஆம் தேதியே வேணாம்னு சொல்லிட்டாராமே?"

சாயங்காலம் கேன்டீனில் உட்கார்ந்தோம். திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தேன். அவள் திட்டினாள், மெக்கானிக்கல் நண்பன் செலவான காசைப் பற்றிக் கேட்டான். சால்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "நான் உன்கிட்ட இன்டர்வியூ பத்திக் கேட்டப்ப உனக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். டீயைக் குடித்து முடித்து, அவன் டீக்கு மட்டும் காசு வைத்துவிட்டுப் போனான்.

சம்மரில் நான் இன்டர்ன்ஷிப் போன ஆபீஸில் எல்லாரும் ஸ்லாக்கில்தான் பேசிக்கொள்வார்கள். இந்த ஸ்லாக் எங்கேர்ந்து வந்தது என்று ஒரு நாள் மத்தியானம் தேடிப் படித்தேன். ஸ்டீவர்ட் பட்டர்ஃபீல்ட் என்பவர் 'டைனி ஸ்பெக்' என்று ஒரு கம்பெனி வைத்து 'கிளிட்ச்' என்ற ஆன்லைன் கேம் செய்துகொண்டிருந்தார். 2011இல் கேம் வெளிவந்தது. ஆடியவர்களில் ஒரு சின்னக் கூட்டத்துக்கு அதன்மேல் உயிர். ஆனால் மற்றவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கேம் ஃபிளாஷில் எழுதப்பட்டது, உலகமோ போனுக்கு மாறிக்கொண்டிருந்தது. 2012 நவம்பரில், கேமை மூடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டார்.

இதுவரைக்கும் சாதாரண கதை. ஸ்டார்ட்டப் மூடுவதெல்லாம் தினசரிச் செய்தி. என்னை நிறுத்தியது அவர் எப்போது மூடினார் என்பது. அப்போது பேங்கில் சுமார் 50 லட்சம் டாலர் பாக்கி இருந்தது. இன்னும் பல மாசம் ஓட்டியிருக்கலாம். ஏதாவது நடக்கும், அப்புறம் சொல்லிக்கலாம் என்று இருந்திருக்கலாம், என்னை மாதிரி. அவர் ஊழியர்களை நிற்க வைத்துச் சொல்ல ஆரம்பித்த உடனேயே அழுதுவிட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் ஒருவர், கொஞ்சம் முன்னாடிதான் இவர் பேச்சை நம்பி, குழந்தையோடு வேற ஊருக்கே குடிமாறி வந்தவர்.

பணம் கையில் இருக்கும்போதே சொன்னதால்தான் அடுத்தது நடந்தது. வேலை போனவர்களுக்கு வேலை தேடித்தர கம்பெனியே இறங்கியது. யார் யாருக்கு என்ன தெரியும் என்று வெப்சைட்டில் ஒரு பக்கமே போட்டு, இவங்களை எடுத்துக்கோங்க என்றது. கேமில் காசு கட்டினவர்களுக்கு ரீஃபண்ட் தந்தது. மிச்சப் பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்று இன்வெஸ்டர்களையும் கேட்டார். அவர்கள் வேண்டாம், வேறு ஏதாவது செய்யுங்கள் என்றார்கள். கேம் செய்யும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ள இவர்களே உருவாக்கி வைத்திருந்த ஒரு சாட் சிஸ்டம் இருந்தது. அதைத்தான் மிச்சம் இருந்த சில பேர் ஸ்லாக் ஆக்கினார்கள். 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் அதை 2,770 கோடி டாலருக்கு வாங்கியது. எல்லா மோட்டிவேஷன் வீடியோவும் இந்தக் கடைசி நம்பரோடு முடியும். எனக்கு அந்த நம்பர் முக்கியமாகப் படவில்லை. ஸ்லாக் வராமலே போயிருந்தாலும், அந்த நவம்பரில் அவர் செய்தது சரிதான்.

பெரிய கம்பெனியில் தலைவர் ஒரு கெட்ட செய்தியை மறைத்தால் ஓரளவுக்கு நாமே கண்டுபிடித்துவிடலாம். லிஸ்ட் ஆன கம்பெனி என்றால் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை கணக்கை வெளியிட்டே ஆக வேண்டும், பேப்பரில் வரும். ஸ்டார்ட்டப்பில் அந்த ஜன்னல் கிடையாது. பேங்க் பேலன்ஸ் எவ்வளவு, கஸ்டமர் உண்மையில் என்ன சொன்னார், சம்பளம் எத்தனை மாசத்துக்குத் தாங்கும், எல்லாம் ஒன்றிரண்டு பேருக்குத்தான் தெரியும். ஆனால் அதை நம்பி முடிவெடுக்கிறவர்கள் மற்றவர்கள். ஒருத்தர் வேற ஆஃபரை விடுகிறார், ஒருத்தர் ஹோம் லோன் போடுகிறார், ஒருத்தன் இன்டர்வியூக்குப் போகாமல் போர்டு டெஸ்ட் பண்ணுகிறான். நான் "உன் இஷ்டம்டா"ன்னு சொன்னப்ப, இஷ்டப்படி முடிவெடுக்க அவனுக்குத் தேவையான ஒரே விஷயம் என் பாக்கெட்டில் இருந்தது. அவன் முடிவை நான் எடுத்துவிட்டு, பழியை மட்டும் அவன் பேரில் போட்டிருக்கிறேன்.

எட்டு மார்க்குக்கு நான் சொன்ன விஷன் வேண்டாம் என்று சொல்ல வரல. கிளிட்ச் கேமுக்கும் நிறைய விஷன் இருந்தது. ஆனா விஷன் இருக்கிற ஆளுக்குத்தான் மறைக்கிற ஆசையும் அதிகம். எப்படியும் ஜெயிச்சிடுவோம்னு உள்ளுக்குள்ள நம்பறவன், நடுவுல வர்ற கெட்ட செய்தியை ஒரு செய்தியாவே எடுத்துக்க மாட்டான்.

அப்போ எல்லாத்தையும் அப்படியே கொட்டிடணுமா? இதை ஒரு சீனியர் அக்காகிட்ட கேட்டேன். அவங்க முதல்ல சேர்ந்தது பதினைந்து பேர் இருந்த ஒரு ஸ்டார்ட்டப். அங்கே ஃபவுண்டர் ஒவ்வொரு இன்வெஸ்டர் மீட்டிங் முடிந்ததும் வந்து எல்லாவற்றையும் சொல்வாராம். திங்கட்கிழமை "ஃபண்டிங் வந்துடுச்சு மாதிரிதான்", புதன்கிழமை "டவுட்டுதான்", வெள்ளிக்கிழமை மறுபடி "வந்துடும்". "மலை ரோட்டுல பஸ்ல போற மாதிரி, எங்களுக்கு வாந்தி வராத குறைதான். அவரோட பயத்தை இறக்கி வைக்க நாங்க ஒரு இடம், அவ்வளவுதான்" என்றார். நியாயமான பாயின்ட். யோசித்துப் பார்த்து நான் வைத்திருக்கிற அளவுகோல் இது: இந்த விஷயம் தெரிந்தால் எதிரில் இருப்பவர் எடுக்கிற முடிவு மாறுமா? மாறும் என்றால் இன்றைக்கே சொல்ல வேண்டும். மாறாது, என் பயம்தான் கொஞ்சம் குறையும் என்றால், அதை ஹாஸ்டல் மொட்டை மாடியில் நடந்து தீர்த்துக்கலாம்.

2020 மே மாசம் ஏர்பிஎன்பியில் பிரையன் செஸ்கி ஊழியர்களுக்கு எழுதின கடிதத்தையும் அந்த வாரம் படித்தேன். கொரோனாவில் பிசினஸ் படுத்துவிட்டது, 7,500 பேரில் சுமார் 1,900 பேரை அனுப்புகிறோம் என்ற கடிதம். யாரை, ஏன், எத்தனை வாரச் சம்பளம், இன்சூரன்ஸ் எதுவரை என்று வரிசையாக இருக்கும். லேப்டாப்பைக்கூட நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று இருக்கும். வேலை போகிறவருக்கு அது ஆறுதலா என்று எனக்குத் தெரியல. ஆனா அதைப் படித்துவிட்டு அடுத்த நாள் என்ன செய்வது என்று அவரால் கணக்குப் போட முடியும்.

நான் சால்டருக்கு ஒரு கணக்கும் விட்டு வைக்கவில்லை.

ஃபைனல் இயர் ஆரம்பத்தில் மற்ற இரண்டு பேரும் திரும்ப வந்தார்கள். சால்டர் ஆகஸ்டில் வந்தான், இரண்டு கண்டிஷனோடு. மிச்சக் காசு எவ்வளவு என்று நாலு பேரும் பார்க்கிற மாதிரி ஒரு ஷீட். கஸ்டமர் போன் வந்தால் ஸ்பீக்கரில், யாரும் பக்கத்தில் இல்லை என்றால் உடனே குரூப்பில். நான் சாரி சொன்னதற்கு அவன் "சரி விடு" என்றும் சொல்லவில்லை, வேறு எதுவும் சொல்லவில்லை. வார்டன் சார் பர்மிஷன் கொடுத்து, நம்ம ஹாஸ்டலில் மூன்று டேங்கில் மாட்டியிருக்கிறோம். (ஆறு மணிக்குத் தண்ணி வழிவது நின்றது எங்களால்தான். எட்டரைக்குத் தண்ணி இல்லாததற்கு நாங்கள் பொறுப்பல்ல.) மிச்சம் ஒன்பது பெட்டி என் கட்டிலுக்கு அடியில்.

சால்டருக்கு கேம்பஸில் ஒரு சர்வீஸ் கம்பெனி கிடைத்திருக்கிறது. எம்பெடட் வேலைக்கு ஆஃப் கேம்பஸில் இன்னும் முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறான். அந்த 14ஆம் தேதி போயிருந்தால் கிடைத்திருக்குமா என்று அவனும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

போன வாரம் தாம்பரம் பக்கம் ஒரு ஸ்கூலில் நாலு டேங்குக்குக் கேட்டிருந்தோம். புதன்கிழமை காலையில் கிளாஸுக்குப் போகிற வழியில் போன் வந்தது, வேண்டாம் என்றார்கள். நடந்துகொண்டே டைப் பண்ணினேன். "ஸ்கூல்ல வேணாம்னுட்டாங்க. வேற ஆர்டர் எதுவும் இல்ல. கையில 3,400 இருக்கு."

சால்டர் உடனே ரிப்ளை போட்டான். "ஓகே. மண்டே எனக்கு ஓசூர்ல இன்டர்வியூ. இந்த வாரம் லேபுக்கு வரமாட்டேன், படிக்கணும்."