கியர் விழும் சத்தம்

புது மோட்டார்சைக்கிள் எடுத்தவர்களிடம் மைலேஜ் கேட்டால் பெருமையாகச் சொல்வார்கள். கியர் எப்படி விழுகிறது என்று கேட்டால்தான் குரல் இறங்கும். முதல் வண்டி என்றால் இன்னும் மோசம். குறை வண்டியிலா, தன் காலிலா என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை.

என் தங்கை மகள் அப்படித்தான் வந்து நின்றாள். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், படிப்பு சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். பெண் பிள்ளைக்கு ஸ்கூட்டி போதாதா என்று தெருவே கேட்டது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 150 சிசி வண்டியாகப் பார்த்து எடுத்தாள்.

"மாமா, இது கியரா கல்லா? ஃபர்ஸ்ட் போட்டா டொக்குனு இடிக்குது. செகண்டு போட்டா கரகரங்குது. சிக்னல்ல நின்னா நியூட்ரலே விழ மாட்டேங்குது. எனக்கு ஓட்டத் தெரியலையா, வண்டியே இப்படியா?"

வண்டி வாங்கிய கடையில் "ஓட ஓடச் சரியாயிடும் மேடம்" என்று அனுப்பியிருந்தார்கள். அவள் அப்பா, "உனக்கு இன்னும் கால் பழகலை" என்று முடித்துவிட்டார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் இரண்டும் எரிச்சல் மூட்டுகின்றன. எந்தச் சத்தம் வண்டியுடையது, எந்தச் சத்தம் காலுடையது என்று பிரித்துச் சொல்லத்தான் யாரும் மெனக்கெடவில்லை.

கடலூர் முதுநகரில் நண்பனின் பட்டறை வாசலில் உட்கார்ந்து என் மாலைகளில் பாதி கழிந்திருக்கிறது. பிரித்துப் போட்ட கியர் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு ஒரு மயக்கம் தெளியும். கியர் மாற்றும்போது ஒரு சக்கரத்தின் பல் விலகி வேறொரு சக்கரத்தின் பல்லில் போய்க் கடிக்கிறது என்றுதான் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார்சைக்கிளில் அப்படி நடப்பதில்லை. ஐந்து ஜோடிச் சக்கரங்களும் எப்போதும் ஒன்றோடொன்று பல் கோத்தபடியேதான் சுற்றுகின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தண்டின் மேல் சும்மா சுழலும். பக்கத்துச் சக்கரத்தின் விலாவில் கட்டைவிரல் நுனி அளவுக்குச் சில முட்டுகள் துருத்திக்கொண்டிருக்கும். அது நகர்ந்து வந்து எதிரே உள்ள குழிகளில் முட்டுகளைச் செருகினால்தான் அந்தக் கியர் தண்டோடு பூட்டிக்கொண்டு பளு தாங்கும். நம் கால் செய்வதெல்லாம் வரிவெட்டிய ஓர் உருளையை ஒரு படி திருப்புவதுதான். உருளையின் வரிகளில் ஓடும் கவை சக்கரத்தைத் தள்ளுகிறது.

இது தெரிந்தால் அந்த டொக் சத்தத்துக்குப் பாதி விளக்கம் கிடைத்துவிடும். நியூட்ரலில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. பின்சக்கரத்தோடு செயினால் கட்டுண்ட தண்டோ அசையாமல் நிற்கிறது. கிளட்சைப் பிடித்த நொடியில் உள்ளே எல்லாம் நின்றுவிடுவதில்லை. இந்த வண்டிகளின் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் குளித்துக்கொண்டிருப்பவை. காலையில், எண்ணெய் குளிர்ந்து தடித்திருக்கும்போது, விடச் சொன்னாலும் தட்டுகள் ஒன்றையொன்று லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். சுற்றுகிற முட்டு நிற்கிற குழியில் விழுகிறது, டொக். இது நோய் இல்லை. கிளட்சைப் பிடித்து ஒரு மூச்சு விட்டு முதல் கியர் போட்டால் சத்தம் குறையும், ஒரேயடியாக ஒழியாது. புத்தம்புது வண்டியிலும் கேட்கும், ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியிலும் கேட்கும்.

கரகரப்பு வேறு சங்கதி. அது அவளுடையது.

புது வண்டிக்கு வலிக்கக் கூடாதென்று பெருவிரலால் தடவுவதுபோல் லீவரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். முட்டு குழிக்குள் முழுதாக விழவேண்டும், இல்லையென்றால் வெளியிலேயே இருக்கவேண்டும். தயங்கித் தயங்கித் தள்ளினால் குழியின் விளிம்பில் உரசித் தெறிக்கும். இந்த இயந்திரத்தைப் பொறுத்தவரை மென்மைதான் முரட்டுத்தனம். ஆக்சிலேட்டரை விட்டு, கிளட்சைப் பிடித்து, தயங்காமல் ஒரே தூக்கு. அதற்காக மிதிக்க வேண்டியதும் இல்லை. மிதித்தால் கவை வளையும்.

இதில் இன்னொரு சிக்கல், அப்பாவின் வண்டி. அவள் ஓட்டிப் பழகியது அவருடைய பழைய ஸ்பிளெண்டரில். அதில் நான்கு கியரும் முன்பக்கம் கீழே மிதிப்பது, இறக்கக் குதிகால். புது வண்டியில் ஒன்று கீழே, மீதி நான்கும் மேலே. மூன்றாவதில் போகும்போது நான்காவதென்று நினைத்துப் பழைய பழக்கத்தில் கீழே மிதித்துவிட்டால் இரண்டாவது விழும். பின்சக்கரம் வீறிட, வண்டி தலையைக் குனிந்து உலுக்கும். "ஜெர்க் அடிக்குது" என்று அவள் சொன்னதில் பெரும்பங்கு இதுதான்.

நம் ஊர்க்காரர்களின் காலும் கையும் பட்ட பாட்டை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். பஜாஜ் சேத்தக்கில் கியர் இடது கைப்பிடியில், மணிக்கட்டைத் திருக்க வேண்டும். எஸ்டியில் உதைத்துக் கிளப்பும் கம்பியே மடங்கிக் கியர் கம்பியாகிவிடும். திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நியூட்ரல் தேடி அலைய வேண்டாமென்று அதற்கென்றே குதிகாலால் மிதிக்கும் தனி லீவர் ஒன்று. இந்த நூற்றாண்டு பிறந்த பிறகும் சில காலம் அந்த அமைப்பு இருந்தது. புல்லட்காரரிடம் வேறு வண்டி கொடுத்தால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். அவர் வண்டியை வாங்கிய ஆள் எதிரே வந்தால் நாம் ஓரம் ஒதுங்குவதே நல்லது. இன்று நாம் செய்வதுபோல் ஒரு தட்டுக்கு ஒரு கியர் மாறி, லீவர் தானே நடுவுக்குத் திரும்பும் ஏற்பாட்டை 1920களின் இறுதியில் இங்கிலாந்தின் வெலோசெட் கம்பெனியில் ஹரால்ட் வில்லிஸ் கொண்டுவந்தார். அதற்கு முன் பெட்ரோல் டாங்கின் ஓரமிருந்த கம்பியைக் கையால் தள்ளவேண்டியிருந்தது. அமெரிக்க அரசு 1970களின் நடுவில் கியர் இடது காலில்தான் என்று சட்டம் போட்ட பிறகு உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. நடராசர் தூக்கியிருப்பதும் இடது கால்தான் என்று சிதம்பரத்து மெக்கானிக் ஒருவர் சொல்வார். தீட்சிதர்கள் காதில் விழாமல் சொல்வார்.

உரிமம் வாங்கும்போது இதெல்லாம் சோதிக்கப்படுவதில்லை என்பதுதான் வேடிக்கை. ஆர்.டி.ஓ. ஆபீசில் காலை ஊன்றாமல் எட்டுப் போட வேண்டும். அதற்கு ஒரே கியரும் பாதி கிளட்சும் போதும். கியர் உள்ள வண்டி ஓட்டத் தகுதியானவர் என்று அட்டை கொடுக்கிறார்கள், கியர் மாற்றிக் காட்டாமலேயே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவளை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்துகொண்டு சிதம்பரம் கிளம்பினோம். ஐம்பது கிலோமீட்டருக்குள் அடங்கும் தூரம். சிப்காட் தாண்டும்வரை டேங்கர் லாரிகளின் பின்னால் ரெண்டுக்கும் மூணுக்குமாக ஏறி இறங்கினாள். அதன்பின் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம். எஞ்சின் சூடேறச் சூடேற கியர் இளகியது. அவள் காலும் இளகியது. ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் இறங்கும்போது ஒரு முரண்டு மிச்சமிருந்தது. கிளட்சை முழுக்கப் பிடித்தும் வண்டி ஊர்ந்தது. அது காலின் குற்றமில்லை என்று பின்னால் இருந்தே தெரிந்தது.

பி.முட்லூரில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கிருந்து கிழக்கே போனால் பரங்கிப்பேட்டை. கியருக்கும் அந்த ஊருக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் வேலையை விட்டுவிட்டு 1830 வாக்கில் அங்கே இரும்பாலை தொடங்கினார். சேலம் பக்கத்துத் தாது, காட்டு மரக்கரி. ஆலை நிலைக்கவில்லை. அவர் இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்த்தால் தரம் கூடும் என்று 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் அதை வைத்துக் கொழித்தார்கள். ஹீத் கோர்ட்டு வாசலில் கிடந்தார். இன்று வண்டிக் கியர்களுக்கு அதிகம் எடுத்தாளும் எஃகு மாங்கனீசும் குரோமியமும் கலந்ததுதான். மேல்தோல் மட்டும் கெட்டியாகவும் உள்சதை வளைந்து கொடுப்பதாகவும் அதைப் பதப்படுத்துகிறார்கள். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளாற்றைத் தாண்டிச் சிதம்பரம். தேரோடும் நான்கு வீதிகளையும் சுற்றி வரச் சொன்னேன். கீழ வீதியில் தொடங்கி, தெற்கு, மேல, வடக்கு. ஆட்டோ, மாடு, பூக்கடை, திடீரென்று நடுவீதியில் நின்று கோபுரம் பார்த்துக் கும்பிடும் குடும்பங்கள். கியர் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் இதே முனைகளில் ஐந்து தேர்கள் திரும்பும். இழுக்கும் கூட்டத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவனைப் பார்க்க வேண்டும். தேர் அத்தனை பாரத்தோடு வரும்போது அவன் பலத்தால் ஒன்றும் ஆகாது. கட்டையை வைக்கும் கணம்தான் தேரைத் திருப்புகிறது. இடது காலுக்கும் அதே வேலைதான். இதைச் சொன்னபோது அவள் போனைப் பார்க்கவில்லை.

மேல வீதிப் பக்கத்துச் சந்தில் நம் இடது கால் மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினோம். அவர் கியரைத் தொடவே இல்லை. கிளட்ச் லீவரின் நுனியை விரலால் அசைத்துப் பார்த்தார். வெற்றாட்டம் ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றரை, அதிகம் போனால் இரண்டு வரை இருக்கலாம். இதில் அதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. முழுக்கப் பிடித்தாலும் தட்டுகள் முழுக்கப் பிரியவில்லை. கேபிள் திருகைச் சில சுற்று திருகினார். செயின் விறைப்பாக இருந்ததையும் தளர்த்தினார். விறைத்த செயின் தண்டைப் பிடித்து இழுக்கும், கியர் விழ மறுக்கும்.

"சத்தம் போகாதும்மா, இடிதான் போகும்" என்றார். "மொத சர்வீஸ்ல ஆயில் மாத்துனா இன்னும் இளகும். ஆனா கார் ஆயில் மட்டும் ஊத்திடாதே."

அந்தக் கடைசி எச்சரிக்கையைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. காரில் எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கியருக்கு வேறு. பெரும்பாலான மோட்டார்சைக்கிள்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய்தான் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றையும் பார்த்துக்கொள்கிறது. கார் எண்ணெய்கள் பலவற்றில் வழுக்கல் கூட்டும் சரக்கு சேர்த்திருப்பார்கள். கிளட்ச் தட்டுக்கு அது விஷம். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற முத்திரை பார்த்து வாங்கவேண்டும். 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் வரும் முதல் சர்வீசில் வடிக்கும் எண்ணெயை வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஜிகினா மின்னும். புதுப் பற்கள் ஒன்றையொன்று தேய்த்துப் பதம் பார்த்த தூள் அது. ஓட ஓடச் சரியாகும் என்று கடையில் சொன்னது இந்த அளவுக்கு உண்மை. தளர்ந்த கேபிள் ஓட ஓட இன்னும் தளரத்தான் செய்யும்.

நியூட்ரலுக்கு மருந்து பட்டறையில் இல்லை. நின்ற பிறகு தேடினால் முட்டும் குழியும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருக்கும். வண்டி கடைசியாய் உருளும்போதே இரண்டாவதிலிருந்து பாதித் தட்டுத் தட்டிவிட வேண்டும். திரும்பும் வழியில் அவள் கற்றுக்கொண்டது அதைத்தான். திருப்பாப்புலியூர் சிக்னலில் பச்சை விளக்கு எரிந்தபோது சகுனத்தடை என்பதுபோல் சலித்துக்கொண்டாள். நியூட்ரல் பழக அவளுக்குச் சிவப்பு வேண்டியிருந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளை, வண்டி எப்படித்தான் இருக்கிறதென்று பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார். தெருக்கோடி வரை எஞ்சின் அலறும் சத்தம் கேட்டது. போன வேகத்திலேயே, முதல் கியரிலேயே, திரும்பி வந்தார்.

"ரெண்டாவது கியரே விழலை. எவ்வளவு மிதிச்சாலும் கீழே போகலை. நாளைக்கே கொண்டுபோய்க் கடையிலே விட்டுடு. ஏமாத்திட்டானுங்க" என்றார்.

"அப்பா, தூக்கணும்" என்றாள் அவள்.