கிண்ணம் அசையாது, கொதிகலன் திரும்பும்

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டு, ஒரு பக்கம் கடலும் மற்றப் பக்கங்களில் தமிழ்நாட்டு நிலமுமாக அமைந்த ஊர். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய், பெரியமுதலியார்சாவடியில் மேற்கே திரும்பிச் செம்மண் மேடேறினால் குயிலாப்பாளையம். அதைத் தாண்டினால் ஆரோவில். அங்குள்ள சோலார் கிச்சன் என்ற பொதுச் சமையற்கூடத்தின் மாடியில்தான் அந்தக் கண்ணாடிக் கிண்ணம் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

விட்டம் 15 மீட்டர், சுமார் 50 அடி. உள்பக்கம் முழுக்கச் சிறுசிறு கண்ணாடித் துண்டுகள். 1997-இல் திறந்த சமையற்கூடத்தில், ஆயிரம் பேருக்கு இரண்டு வேளை சமைக்கத் தேவையான நீராவி கிடைக்க வேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டினார்கள்.

சூரிய வெப்பத்தைக் குவிக்கும் சாதாரணத் தட்டு, சூரியன் போகும் பக்கமெல்லாம் திரும்ப வேண்டும். 50 அடித் தட்டை அப்படித் திருப்புவதென்றால் இரும்புக்கும் மோட்டாருக்குமே பணம் போய்விடும். கடற்காற்று வேறு. அதனால் கிண்ணத்தை உருண்டையின் ஒரு பகுதி போல வளைத்துக் கட்டி, அப்படியே நிறுத்திவிட்டார்கள். உருண்டை வளைவில் ஒளி ஒரே புள்ளியில் குவியாது, ஒரு கோடாக விழும். சூரியன் நகர நகர அந்தக் கோடும் நகரும். உருளை வடிவக் கொதிகலன் ஒன்று கணினிக் கட்டுப்பாட்டில் அந்தக் கோட்டோடு சேர்ந்து திரும்புகிறது. பெரியதை விட்டுவிட்டுச் சிறியதை அசைக்கிறார்கள், அவ்வளவுதான்.

குறையும் உண்டு. கண்ணாடிக்கு நேர் வெயில் வேண்டும். மேகம் வந்தால் குவிப்பு போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளுக்கென்று டீசல் கொதிகலன் தனியாக வைத்திருக்கிறார்கள். பம்புசெட்டுக்கு நாம் வைக்கும் சோலார் பேனல் இந்த வகையில் மேல். மங்கல் வெளிச்சத்திலும் கொஞ்சம் மின்சாரம் தரும்.

ஆனால் பேனலுக்கும் சூரியன் நிற்கும் கோணம் முக்கியம். தண்ணீர் போதவில்லை என்றதும் இன்னும் இரண்டு பேனல் சேர்க்கலாமா என்றுதான் பல விவசாயிகள் கேட்கிறார்கள். முதலில் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பல சோலார் பம்புகளின் சட்டம் கையால் திருப்பும் வகை. காலையில் கிழக்கே, உச்சி வேளையில் நேராக, பிற்பகலில் மேற்கே என்று மூன்று முறை திருப்பினால், அதே பேனலில் காலை மாலை ஓட்டம் கூடும். போல்ட் துருப்பிடித்து வருஷக்கணக்கில் ஒரே பக்கம் நிற்கும் சட்டங்களும் இருக்கின்றன. கடலோரத்தில் கிரீஸ் தடவாவிட்டால் அதுதான் கதி.

நிரந்தரமாகப் பொருத்திய பேனல் என்றால், 12 பாகை அட்சரேகையில் உள்ள காலாப்பட்டுப் பகுதிக்குத் தெற்கு நோக்கி ஏறக்குறைய அதே 12 பாகைச் சரிவு போதும். ஏப்ரல் 22 வாக்கிலும் ஆகஸ்ட் 21 வாக்கிலும் உச்சிச் சூரியன் இங்கே தலைக்கு நேர் மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்ந்திருக்கும். அதற்காகச் சரிவை மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. உப்புத்தூசியை மட்டும் விடிகாலையில், கண்ணாடி சூடேறும் முன், நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்துவிட வேண்டும். போர் தண்ணீர் உவராக இருந்தால் அது உதவாது; காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும்.