அக்கவுண்ட்ஸுக்கு மட்டும் எக்ஸ் டிரைவ்

போன வாரம் புனேவிலிருந்து சித்தி பையன் போன் பண்ணினான். சின்ன கம்பெனி ஒன்றில் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. "அண்ணா, டிபார்ட்மெண்ட் வாரியா டிரைவ் மேப் பண்ற லாகின் ஸ்கிரிப்ட் உன்கிட்ட இருக்குமே, அனுப்பேன்" என்றான். பழைய பேட்ச் ஃபைல் இன்னமும் இருக்கிறது. ஆனால் அதை அனுப்புவதற்கு முன்னால் ஒரு கதை சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

2006. நொய்டாவில் எண்பது பேர் இருந்த ஒரு ஆபீஸ். சர்வர் பக்கம் ஆணி புடுங்க ரெண்டே பேர், நானும், மாசத்தில் பாதி நாள் லீவில் இருக்கும் இன்னொருத்தரும். என் ஹிந்தி அப்போது 'தோடா தோடா' ரகம்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆபீஸில் காலையில் லாகின் ஆனதும் 'மை கம்ப்யூட்டர்' உள்ளே பி, எச் என்று புதுசாக டிரைவ் வந்து உட்கார்ந்திருக்குமே, அதைச் செய்வதுதான் லாகின் ஸ்கிரிப்ட். ஃபைலெல்லாம் சர்வரில் இருக்கும், உங்கள் மெஷினில் வெறும் எழுத்து மட்டும் தெரியும். என் ஸ்கிரிப்ட் பழைய மேப்பிங்கை எல்லாம் முதலில் அழிக்கும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பி டிரைவ் கொடுக்கும். பிறகு, ரிசோர்ஸ் கிட்டில் வரும் 'இஃப்மெம்பர்' என்ற குட்டி புரோகிராமை வைத்து இந்த ஆள் எந்த குரூப் என்று பார்க்கும். அக்கவுண்ட்ஸ் என்றால் 'நெட் யூஸ்' போட்டு எக்ஸ் டிரைவ், ஹெச்.ஆர். என்றால் ஆர் டிரைவ். ரெண்டும் இல்லையென்றால் தாண்டிப் போய்விடும்.

(ஃபைனான்ஸுக்கு எஃப் என்றுதான் முதலில் கொடுத்தேன். பென் டிரைவ் புழக்கத்துக்கு வந்த சமயம் அது. விண்டோஸ் எக்ஸ்பி பென் டிரைவுக்கும் அதே எஃப்-ஐத் தூக்கிக் கொடுக்கும். நெட்வொர்க் டிரைவ் ஏற்கெனவே அங்கே இருப்பதால் பென் டிரைவ் கண்ணுக்கே தெரியாது. "பென் டிரைவ் கராப் ஹோ கயா" என்று தினம் நாலு பேர் வந்து நிற்பார்கள். அதனால்தான் கடைசி எழுத்துக்களுக்கு ஓடினேன்.)

ஸ்கிரிப்ட் ஜோராக ஓடியது. அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு மட்டும்தான் எக்ஸ் தெரிகிறது, ஆக பூட்டிவிட்டோம் என்று நினைத்தேன். போதாததற்கு ஷேர் பேருக்குப் பின்னால் ஒரு டாலர் குறியும் போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் சர்வரைத் திறந்து பார்ப்பவர்களுக்கு அந்த ஃபோல்டர் தெரியாது. பெரிய புத்திசாலி!

ஏப்ரல் மாசம் இன்க்ரிமெண்ட் ஷீட் வெளியே வந்துவிட்டது. யாருக்கு எவ்வளவு என்று எண்பது பேர் சம்பளமும் பிரிண்ட் அவுட்டாகக் கேண்டீனில் சுற்றியது. மேனேஜருக்கு வந்த கோபம் நேராக அக்கவுண்ட்ஸில் இருந்த ஒரு பெரியவர் மேல் திரும்பியது. நாங்கள் எல்லோரும் அவரை அங்கிள்ஜி என்றுதான் கூப்பிடுவோம். ரிட்டயராக ரெண்டு வருஷம் இருந்தது. அந்த ஷீட்டைக் கடைசியாக சேவ் செய்தவர் அவர்தான், அது ஒன்றே சாட்சி. கண்ணாடிக் கேபினுக்குள் அவர் நின்றுகொண்டே இருந்ததை என் சீட்டிலிருந்து பார்த்தேன்.

"யார் எடுத்தார்கள் என்று பார்" என்று என்னிடம் உத்தரவு வந்தது. ஆடிட்டிங் ஆன் பண்ணியே இருக்கவில்லை, அதனால் பார்க்க ஒரு தடயமும் இல்லை. சும்மா டிரெய்னி ஒருத்தருக்காக வைத்திருந்த டெஸ்ட் லாகினில் நுழைந்தேன். எக்ஸ் டிரைவ் இல்லை. ரன் பாக்ஸில் ஷேரின் முழுப் பாதையை, டாலரோடு சேர்த்து, அடித்து எண்டர் தட்டினேன். திறந்துவிட்டது.

விண்டோஸ் 2000 சர்வரில் புதுசாக ஷேர் போட்டால் 'எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல்' என்றுதான் வரும். கீழே ஃபோல்டரிலும் அதே கதை. (2003 சர்வரில் ஷேருக்கு 'ரீட்' மட்டும் என்று குறைத்தார்கள்.) நான் எதையும் மாற்றியிருக்கவில்லை. சரி, டாலர் போட்ட பேர் வெளி ஆளுக்கு எப்படித் தெரியும்? நெட்லாகான் ஃபோல்டரில் இருக்கும் ஸ்கிரிப்டை எல்லோராலும் படிக்க முடியும், படிக்க முடிந்தால்தானே ஓடும். நோட்பேடில் திறந்தால் எந்த டிபார்ட்மெண்ட் ஃபைல் எங்கே இருக்கிறது என்று வரி வரியாக நானே எழுதி வைத்திருக்கிறேன்.

பெர்மிஷனைச் சரிசெய்ய பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது. அதைச் சரிசெய்துவிட்டு, 'ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று மெயில் போட்டேன். செவ்வாய் மத்தியானத்திலிருந்து வியாழன் காலை வரை வாயைத் திறக்கவில்லை. அந்த ரெண்டு நாளும் அங்கிள்ஜி சாப்பிடக் கேண்டீனுக்கு வரவில்லை. டப்பாவை சீட்டிலேயே பிரித்து, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். புதன் ராத்திரி வீட்டில் சொன்னேன். "சம்பளம் போனா பார்த்துக்கலாம், நாளைக்குப் போய்ச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி. மகனுக்கு அப்போது ஏழு மாசம்.

வியாழக்கிழமை சொன்னேன். அந்த வருஷ இன்க்ரிமெண்ட் போனது, கையில் ஒரு மெமோ வந்தது. மேனேஜர் அங்கிள்ஜியிடம் ஒரு ஸாரி சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான் போய்ச் சொன்னேன், அரைகுறை ஹிந்தியில். அவர் டிராயரைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்திருந்தார்.

சித்தி பையனிடம், இப்போது ஸ்கிரிப்டே வேண்டாம், குரூப் பாலிசி பிரிஃபரன்ஸிலேயே டிரைவ் மேப் இருக்கிறது, 2008 சர்வரோடு வந்தது என்றேன். எதில் மேப் பண்ணினாலும் முதலில் ஃபோல்டர் பெர்மிஷன், அப்புறம்தான் எழுத்து. முடித்ததும் ஒன்றுமில்லாத ஒரு டிரெய்னி லாகினில் நுழைந்து, முழுப் பாதையை அடித்து நீயே திறந்து பார். "இங்க பாதி ஃபைல் கிளவுட்லதான்ணா" என்றான். அங்கேயும் 'லிங்க் இருக்கும் எல்லோருக்கும்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறதே, அதையும் பார்க்கச் சொன்னேன்.

ஸாரி சொன்ன மறுநாள் அங்கிள்ஜி என் சீட்டுக்கு வந்து நின்றார். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. "பேட்டா, எக்ஸ் கோலா நஹீன் ஜா ரஹா." பெர்மிஷனை இறுக்கியபோது புதுசாக ஒரு குரூப் போட்டு அவரைச் சேர்த்திருந்தேன். மறுபடி லாகின் ஆனால்தான் அது அவருக்கு ஏறும். அவரோ நாலு நாளாக மெஷினை லாக் பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

"ஒரு தடவை லாக் ஆஃப் பண்ணிட்டு வாங்க அங்கிள்ஜி" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லிவிட்டு, அவர் பின்னாலேயே எழுந்து போனேன்.