ஒரே வளவில் இரண்டு நாய்கள்

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள் இருக்கின்றன. ஜிம்மி 2017ஆம் ஆண்டு குட்டியாக வந்தது. கறுப்பி 2022ஆம் ஆண்டு, சாமான்களின் விலை நாளுக்கு நாள் ஏறி, பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் வரிசையில் நின்ற நாட்களில், தானாகவே படலைக்குள் நுழைந்தது. அந்த வருடம் பல வீடுகளில் மனிதருக்கே ஒரு நேரச் சாப்பாடு குறைந்தது. நாய்க்கு வைக்க மிச்சம் ஏது? விலா எலும்பை எண்ணக்கூடியதாக இருந்த அந்தப் பெட்டை நாய்க்கு அம்மா கஞ்சித் தண்ணீரில் ஒரு பிடி சோற்றைப் பிசைந்து வைத்தார். அதன் பிறகு அது போகவில்லை.

நானும் துரத்தவில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு பெரிய அலுமினியச் சட்டியில் சோறு வைத்தேன். சேர்ந்து சாப்பிட்டால் சீக்கிரம் பழகிவிடும் என்பது என் எண்ணம். நான் கிராமங்களில் பெண்கள் சங்கங்களுக்கு முரண்பாடு தீர்த்தல் பற்றிப் பயிற்சி கொடுப்பவள். வளங்களுக்கான போட்டி பற்றிப் பல்கலைக்கழகப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியும் இருக்கிறேன். அந்தப் படிப்பெல்லாம் அந்தச் சட்டியடியில் உதவவில்லை. இரண்டாம் நாளே ஜிம்மியின் காது கிழிந்தது.

சட்டியை இரண்டாக்கினேன். ஆனாலும் இரண்டையும் குசினி வாசலில் பக்கத்தில் பக்கத்தில்தான் வைத்தேன். கறுப்பி தன்னுடையதை விழுங்கிவிட்டு ஜிம்மியின் சட்டிக்கு ஓடும். யாராவது கிட்டப் போனால் தலையைச் சட்டிக்கு மேலே கவிழ்த்துக்கொண்டு உறுமும். சோறு போடுகிற என்னைப் பார்த்தே உறுமுகிறதே என்று எனக்குக் கோபம் வந்தது. தும்புத்தடியால் அடித்தேன். ஒரு நாளல்ல, பல நாட்கள். மூன்றாவது கிழமை உறுமல் நின்றுவிட்டது. நாய் திருந்திவிட்டது என்று அக்காவிடம் பெருமையாகவும் சொன்னேன்.

அக்கா ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவதால் அவரது மகள் பகலில் எங்களுடன்தான் இருப்பாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. ஒரு மத்தியானம் கறுப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சட்டிக்குப் பக்கத்தில் கிடந்த தன் செருப்பை எடுக்கக் குனிந்தாள். ஒரு சத்தமும் இல்லை. அடுத்த கணம் பிள்ளையின் கையில் பல் பதிந்திருந்தது.

சவர்க்காரம் போட்டு, குழாய்த் தண்ணீர் ஓட ஓடப் பதினைந்து நிமிடம் கழுவினேன். அதை மட்டும் நான் சரியாகச் செய்தேன். பிறகு வைத்தியசாலைக்கு ஓடினோம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அங்கே கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஜிம்மிக்கு வருடந்தோறும் போடுவோம், கறுப்பிக்குப் போடவில்லை. வந்த நாயென்று நாட்களைக் கடத்தியிருந்தேன். பிள்ளைக்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி தொடங்கினார்கள். அரசாங்க வைத்தியசாலையில் அது இலவசம். காயம் சிறிதென்று மஞ்சளைப் பூசிவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள் சகோதரிகளே. விசர்நாய் நோயின் குணங்குறிகள் தோன்றிய பின் உயிரைக் காப்பாற்ற வழியில்லை என்றே சொல்லலாம்.

அன்றிரவு அக்கா வந்து நின்று கேட்டார்: "உனக்கு நாய் பெரிசோ, என்ரை பிள்ளை பெரிசோ? நாளைக்கே உதைக் கொண்டுபோய்ச் சந்தையடியிலை விட்டிட்டு வா."

எனக்குப் பதில் இருக்கவில்லை. அம்மாதான் மெதுவாகச் சொன்னார்: "பசி கண்டது பிள்ளை. அதின்ரை சட்டியிலை கை வைச்சால் அப்பிடித்தான்."

அம்மா அப்படிச் சொன்னதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. 2009இல் மெனிக் பாம் முகாமில் சமைத்த சாப்பாட்டுக்கு நாங்கள் வரிசையில் நின்றபோது எனக்கு இருபது வயது. ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அம்மா கட்டிலுக்குக் கீழே ஒரு பையில் அரிசியும் சீனியும் பருப்பும் வைத்திருப்பார். வண்டு பிடித்தாலும் எறிய விடமாட்டார். ஒருமுறை அவருக்குத் தெரியாமல் அந்தப் பையைக் கொட்டிவிட்டேன். இரண்டு நாட்கள் அவர் என்னுடன் கதைக்கவில்லை. வீட்டிலே ஒரு மூடை அரிசி இருக்கும்போது எதற்கு இந்தப் பை என்று அப்போது நான் வாதாடினேன். வாதாடி அம்மாவை மாற்ற முடியவில்லை. மூடை தீராமல் வருடங்கள் போகப் போகத்தான் அந்தப் பை சிறிதாகியது.

அக்காவிடம் மூன்று மாதத் தவணை கேட்டேன். அதுவரை நாய்கள் இரண்டும் அவிழ்த்துவிட்டிருக்கும் வேளையில் பிள்ளை முற்றத்தில் தனியே நிற்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன். பிறகு மிருக வைத்தியரிடம் போனேன்.

அவர் முதலில் கேட்டது, "உறுமினபோது என்ன செய்தீர்கள்?" என்பதுதான். அடித்தேன் என்றேன். "அப்ப நீங்கள்தான் அதைச் சத்தமில்லாமல் கடிக்கப் பழக்கியிருக்கிறீர்கள்" என்றார். உறுமல் என்பது கிட்ட வராதே என்கிற எச்சரிக்கை. அடித்தால் அந்த எச்சரிக்கை நிற்கும். சாப்பாடு பறிபோய்விடும் என்ற பயம் நிற்காது, இன்னும் கூடும். அந்தப் பயத்தோடு இருக்கிற நாய்க்கு மிஞ்சுவது பல் ஒன்றுதான். உறுமலுக்கு முன்னரே வேறு அடையாளங்களும் வருமாம். உடம்பு மரக்கட்டை போல் விறைக்கும். சப்புவதை நிறுத்தும், அல்லது அவசரமாக விழுங்கும். தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் பார்க்கும்போது கண்ணின் வெள்ளை தெரியும். இவையெல்லாம் என் கண் முன்னே நடந்தவைதான்.

அன்றிலிருந்து ஜிம்மிக்கு முன் விறாந்தையிலும் கறுப்பிக்குக் குசினியின் பின்புறத்திலும் ஒரே நேரத்தில் சோறு வைக்கிறோம். நடுக்கதவு சாத்தியிருக்கும். ஒன்றையொன்று பார்க்க முடியாது. சாப்பிடும்போது யாரும் கிட்டப் போவதில்லை. சாப்பிட்டு விலகிய பிறகு சட்டிகளை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்போம். காலி சட்டிக்கும் சண்டை வரும் என்பதைக் கண்டிருக்கிறேன். கடினமாக இருந்தது வேறொன்று. சாப்பிட்ட மிச்சத்தை வளவுக்குள் எறிவது எங்கள் எல்லோருக்கும் கைவந்த பழக்கம். ஒரு மீன்முள்ளை எறிந்தால் இரண்டும் பாயும். அம்மாவின் அந்தக் கையை நிறுத்த ஒரு மாதம் பிடித்தது. நாய்கள் அதைவிடச் சீக்கிரம் பழகின.

மனிதர் கிட்ட வருவதற்குப் பழக்கியது தனி வேலை. கறுப்பி சாப்பிடும்போது அது விறைக்காத தூரத்தில், ஏறத்தாழப் பத்தடி தள்ளி, நான் நடந்து போவேன். போகிறபோது ஒரு நெத்தலிக் கருவாட்டை அதன் பக்கம் எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடுவேன். உப்புக் கூடாதென்று கருவாட்டை முதலே கழுவி ஊறவைத்திருப்பேன். சில நாட்களுக்கு ஒருமுறை ஓரடி குறைப்பேன். விறைத்தால் மறுநாள் பழைய தூரத்துக்கே திரும்பிவிடுவேன். ஆள் வந்தால் சோறு போகாது, இன்னும் வரும் என்று அதற்கு விளங்க வேண்டும். இரண்டாம் மாதத்தில் ஒரு நாள், என் காலடி கேட்டதும் சட்டியிலிருந்து தலையை நிமிர்த்தி வாலை ஆட்டியது. இதைப் பெரியவர்கள்தான் செய்யலாம். பிள்ளைகளை இதில் ஈடுபடுத்தவே கூடாது.

இதற்கிடையில், நல்ல பிள்ளை என்று நாம் நினைத்திருந்த ஜிம்மி வேறொரு சங்கதி தொடங்கியது. சோற்றுக்குச் சண்டை பிடிக்காத அது, பந்தையும் பொச்சுமட்டையையும் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கறுப்பியை முற்றத்தில் நடக்கவே விடாது. எத்தனையோ வருடம் தனியாக இருந்த வளவல்லவா? வாயிலிருப்பதைப் பிடுங்கினால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஆகவே மாற்றுக் கொடுக்கப் பழகினேன். ஒரு துண்டு அவித்த மீனைக் காட்டி "விடு" என்பேன். பந்தை விட்டதும் மீனைக் கொடுப்பேன். பிறகு பல தடவை அந்தப் பந்தையே திருப்பியும் கொடுப்பேன். இப்போது பந்து பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு நாய் கட்டியிருக்கும்போதுதான் மற்றதுக்கு விளையாட்டு. பிள்ளையின் விளையாட்டுச் சாமான்களும் செருப்புகளும் நிலத்தில் கிடப்பதில்லை. வீடும் கொஞ்சம் துப்புரவாகிவிட்டது.

சண்டை மூண்டால் நடுவில் கை விடாதீர்கள். ஜிம்மியின் கழுத்தைப் பிடிக்கப்போய் நானே கடி வாங்கப் பார்த்தேன். ஒரு வாளித் தண்ணீரை இரண்டின் தலையிலும் ஊற்றினேன், விலகின. அமைதியாக இருந்த நாய் திடீரென்று சாப்பாட்டுக்குச் சீறத் தொடங்கினால் உடம்பில் ஏதும் நோவு இருக்கிறதா என்றும் பார்ப்பிக்க வேண்டும் என்றார் வைத்தியர்.

தவணை முடிந்த அன்று அக்கா வந்து, பின்புறத்தில் கறுப்பி சாப்பிடுவதை ஜன்னலால் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வேலையால் வரும்போது ஒரு பையில் மீன்தலை வாங்கி வந்தார். ஆனால் மகளை நாய்களோடு தனியே விட இன்றுவரை அவர் சம்மதிப்பதில்லை. நானும் கேட்பதில்லை.

கறுப்பிக்கு இப்போது வருடந்தோறும் தடுப்பூசி போடுகிறோம். உடம்பும் பிடித்துவிட்டது. ஆனால் பச்சை மீனின் வாசம் வந்தால் மட்டும் கண்ணில் அந்தப் பழைய பார்வை வரும். கிணற்றடியில் மீன் வெட்டுகிற நாட்களில் அம்மா கறுப்பியைப் பின்பக்கத் தூணில் கட்டி, அதன் பங்கை முதலே வைத்துவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறார்.