மாமனாரின் எட்டு விரல்கள்

என் மாமனாருக்குக் கால் விரல்கள் எட்டுதான். கல்யாணத்தன்று நமஸ்காரம் செய்யக் குனிந்தபோதே எண்ணிவிட்டேன். ஆனால், எப்படிப் போயின என்று கேட்கத் துணிவு வர ஏழு வருஷம் ஆயிற்று. அதற்கும் காரணம் நான் வாங்கிய ஒரு ஜோடி பூட்ஸ்.

வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் உள்ள கிராமங்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் மாமனார் அந்தப் பக்கத்துக்காரர். சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கடைக்குட்டி, அதாவது என் மைத்துனன், பட்டாளத்தில் பயிற்சி முடித்து லீவில் வந்திருந்தான். அடுத்தபடியாக லடாக் போக வேண்டும். ஒரே அத்திம்பேர் சும்மா இருக்கலாமா? சென்னையிலே பெரிய கடையாகப் பார்த்துக் கறுப்புத் தோல் பூட்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். பையன் காலில் அது அச்சில் வார்த்தாற்போல் பொருந்தியது.

மாமனார் குனிந்து பார்த்தார்.

"விரலை ஆட்டுடா."

ஆட்டினான். தோல் அசையவில்லை.

"பூட்ஸ் ரொம்ப அழகு, மாப்பிள்ளை. மெரினாவிலே காற்று வாங்கப் போட்டுக்கலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டோ என்னவோ, திண்ணையில் உட்கார்ந்து தம் இடது காலை நீட்டினார். "இதுவும் அப்படிப் பொருந்தின பூட்ஸ் செய்த வேலைதான்."

அப்போது அவரும் லடாக்கில்தான் இருந்தார். ராத்திரிக் காவல். குளிர் தாங்காமல், இரண்டு ஜோடி ஸாக்ஸுக்கு மேல் மூன்றாவதையும் இழுத்துவிட்டுக்கொண்டு, பூட்ஸில் காலைத் திணித்துக் கயிற்றை இறுக்கினார். முதலில் விரல்கள் வலித்தன. பிறகு வலி நின்றுவிட்டது. சூடு ஏறிவிட்டது என்று சந்தோஷப்பட்டாராம்! விடிந்து கழற்றினால் இரண்டு விரல்கள் மெழுகு போல வெளுத்திருந்தன. சில நாளில் கறுத்தன. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

"வலிக்கிற வரைக்கும் பயமில்லை, மாப்பிள்ளை. வலி நின்னாத்தான் பயப்படணும்."

ஊர் திரும்பியதும் பத்திரிகைக்காரன் புத்தி சும்மா இருக்குமா? புத்தகங்களைப் புரட்டினேன். மாமனார் சொன்னது சரிதான். குளிரைத் தடுப்பது கம்பளி மட்டுமல்ல. அதற்குள் அடைபட்ட காற்றுந்தான். இறுக்கினால் காற்றும் போய்விடும், ரத்த ஓட்டமும் குறைந்துவிடும். 1941-ல் ரஷ்யாவுக்குள் புகுந்த ஜெர்மானியர்கள் இதைக் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. காலைக் கவ்விப் பிடிக்கும் பூட்ஸ். அடியில் வரிசையாக இரும்பு ஆணிகள். அவை குளிரை உள்ளே கடத்தின. எதிரே ரஷ்யர்களோ கம்பளி மயிரை அமுக்கிச் செய்த 'வாலென்கி'யைத் தொளதொளவென்று மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஆனால் பனி உருகிச் சேறாகிவிட்டால் வாலென்கி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதுதான் இதில் வேடிக்கை. ஓர் இடத்தில் உயிர் காப்பது இன்னோர் இடத்தில் காலை வாரிவிடும்.

வியட்நாம் காடுகளுக்கென்று அமெரிக்கர்கள் செய்த பூட்ஸையே பாருங்கள். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேறப் பக்கவாட்டில் சிறு ஓட்டைகள். மறைத்து நட்ட மூங்கில் முளைகள் குத்தாமலிருக்க அடியில் எஃகுத் தகடு. கெட்டிக்கார வேலைதான். அதே மாதிரி பூட்ஸோடு 1990-ல் அரேபியப் பாலைவனத்தில் இறங்கினால், ஓட்டை வழியாக மணல் புகுந்தது. தகடு தோசைக்கல்லாய்க் காய்ந்தது. பாலைவனத்துக்கென்று பிறகு தைத்த பூட்ஸில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். 1962-ல் நம் ஜவான்களில் பலர் கான்வாஸ் ஷூவோடு நம்கா சூ ஆற்றங்கரையில் நின்றதைப் படித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டேன்.

இவ்வளவுக்கும், உறைபனிகூட வேண்டியதில்லை. 1914-15 குளிர்காலத்தில் பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் பதுங்கு குழித் தண்ணீரிலேயே நின்று, பிரிட்டிஷ் தரப்பில் 20,000 பேருக்கு மேல் கால் கெட்டது. நம் நாட்டுச் சிப்பாய்களும் அந்தச் சேற்றில் நின்றவர்கள்தான். கடைசியில் கண்ட வைத்தியம் என்ன தெரியுமா? தினமும் உலர்ந்த ஸாக்ஸ் மாற்றுவது. இரண்டிரண்டு பேராக ஒருவர் காலை ஒருவர் பார்த்து, திமிங்கில எண்ணெய் தேய்த்துவிடுவது.

மாமனார் இந்தப் புத்தகம் எதையும் படித்ததில்லை. மகன் புறப்படுகிற அன்று, மாமியார் பெட்டியில் வைத்திருந்த முறுக்கு டப்பாவை வெளியே எடுத்துவிட்டு ஆறு ஜோடி ஸாக்ஸ் அடுக்கினார். மெல்லியது உள்ளே, தடித்த கம்பளி வெளியே. "பருத்தி வேண்டாம், வேர்வையைப் பிடிச்சு வெச்சுக்கும். நனைஞ்சதைச் சட்டைக்குள்ளே வயிற்றோடு வெச்சுக் காய வை. நெருப்புக்கிட்டே பூட்ஸைக் காட்டாதே, தோல் வெடிக்கும். பூட்ஸ் கொடுக்கிறப்போ வெட்கப்படாமே அரை அளவு பெரிசாக் கேள்." மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, முறுக்கில் பாதியை ஸாக்ஸுகளுக்கு நடுவே சொருகினாள். அவர் பார்த்தும் பார்க்காதவர் போலிருந்தார்.

நான் வாங்கிய பூட்ஸைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். என் காலுக்கு அது அரை அளவு சின்னது. ஆனாலும் காசு கொடுத்து வாங்கியதல்லவா? ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். மத்தியானத்துக்குள் மேஜைக்கு அடியில் கழற்றிவிடுகிறேன்.

மைத்துனன் ஞாயிறுதோறும் டெலிபோனில் கூப்பிடுகிறான். மாமியாருக்கு முன்னால் மாமனார் போனைப் பிடுங்கிக்கொள்கிறார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒன்றும் கேட்பதில்லை.

"விரல் வலிக்குதாடா?" என்கிறார்.

வலிக்கிறது என்று அவன் சொன்னால், "சரி, சரி" என்று சிரித்துவிட்டு மாமியாரிடம் கொடுத்துவிடுகிறார்.